கணக்குக் கேட்டல்

ஆடிட் என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தால்
உள்ளே ஒரு காது இருக்கிறது.
இலத்தீன்காரனுக்கு அது 'கேட்கிறான்'.
எண்ணுகிறான் இல்லை, எழுதுகிறான் இல்லை,
கையும் களவுமாகப் பிடிக்கிறான் என்பதும் இல்லை.
கேட்கிறான்.
அவ்வளவுதான்.

லிங்கன்ஷயரில் கோதுமை அறுப்பு முடிந்து
பெருவாத்துகள் கொழுக்கும் மாதம்.
மடத்துப் பண்ணையின் காரியக்காரன் தர்ஸ்டன்
தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான்.
எழுத்தென்றால் அவனுக்கு எறும்புச் சாரை.
கணக்கெல்லாம் இடுப்பில் தொங்குகிறது:
வெட்டுப் போட்ட ஹேசல் குச்சிகள்.
கட்டைவிரலால் தடவித் தடவிச் சொல்கிறான்.
முட்டை இருநூற்றுப் பதினொன்று.
ஆட்டு ரோமம் ஒன்பது கட்டு.
சினைபிடிக்காத பசு இரண்டு, அதில் ஒன்று முட்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் கெர்வாஸ் என்கிற துறவி
கண்ணை மூடியிருக்கிறார்.
தூக்கமில்லை.
தர்ஸ்டனின் குரலைக் காசு காசாகக்
கல்லில் சுண்டிக்கொண்டிருக்கிறார்.
"ஒரு கிடாரி செத்தது ஐயா, நோயில்" என்ற இடத்தில்
சத்தம் சப்பென்று விழுந்தது.
கண் திறக்காமலே சொன்னார்:
"தோல் எங்கே?"

குச்சியில் தோலுக்கு வெட்டு இல்லை.
தர்ஸ்டன் தடவிக்கொண்டே இருந்தான்.

எழுநூறு அறுப்பு கழிந்தது.
அதே மாவட்டம். கிரிம்ஸ்பி துறைமுகம்.
மீன் குளிர்கிடங்கின் மாடியில் கிளெனிஸ் ஆக்ஸ்டபி
பேரேட்டைத் திறந்து வைத்திருக்கிறாள்.
இடக்காது பிறவியிலேயே மூடிய கதவு.
வலக்காதில் கருவி.
செவிட்டு ஆடிட்டர் என்று அலுவலகத்தில் கிண்டல் உண்டு.
சொன்ன யாருக்கும் இலத்தீன் தெரியாது.
தெரிந்திருந்தால் இன்னும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

மேலாளர் டெஸ்மண்ட் திக்கெட் நிறையப் பேசுகிறான்.
நார்வேக்காரன் ஏற்றிய விலை,
மகனின் முழங்கால் ஆபரேஷன்,
இன்னொரு பிஸ்கட் எடுங்களேன்.
கீழே கம்ப்ரஸர் உறுமுகிறது.
அவள் கருவியைக் கழற்றிச் சாசரில் வைத்தாள்.
உலகம் பஞ்சுக்குள் போயிற்று.

இனி உதடசைய வாசிப்பாள்,
முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி.
சேதம், காட் மீன், வெள்ளிக்கிழமை: பதினான்கு பெட்டி.
அடுத்த வெள்ளி: பதினான்கு.
அதற்கடுத்த வெள்ளி: பதினான்கு.
புனித வெள்ளியன்று கிடங்கே பூட்டிக் கிடந்தது.
பதினான்கு.

உடைகிற எதுவும் இவ்வளவு ஒழுக்கமாக உடையாது.
விரல் அங்கே நின்றது.

இந்த இடத்தை நம் மொழியில் சொல்வது சங்கடம்.
கேட்டாள் என்று எழுதினால்
காதாலா வாயாலா என்று தெரியாது.
ஓட்டில் மழை விழுவதைக் கேட்பதும்
கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கேட்பதும்
நமக்கு ஒரே வினை.
ரோமாபுரிக்காரன் காதோடு நிறுத்திக்கொண்டான்.
நம்மவர்களுக்கு என்ன அவசரமோ,
காதையும் கேள்வியையும் ஒரே பையில் போட்டுப்
போய்விட்டார்கள்.
நேற்றுவரை அதைக் குறை என்றுதான் நினைத்திருந்தேன்.

கிளெனிஸ் கேட்டாள்.

டெஸ்மண்ட் ஜன்னலைப் பார்த்தான்.
பிறகு அவன் உதடு, மெதுவாக:
மைத்துனன். கிளீதார்ப்ஸில் சிப்ஸ் கடை.
போன குளிர்காலம் மட்டும் என்றுதான் ஆரம்பித்தது.
ஒரு சொல் விடாமல் அவள் உதட்டில் படித்தாள்.

சாசரிலிருந்து கருவியை எடுத்து,
ஒட்டிய பிஸ்கட் தூளை ஊதி, மாட்டினாள்.
ஒரு கணம் அது கீச்சிட்டது.

"மன்னிக்கணும்" என்றாள்.
"இப்போதுதான் காது வந்தது.
முதலிலிருந்து சொல்லுங்கள்."